மிச்ச மருந்தும் நிச்சயத் தட்டும்

மருந்தைக் கீழே கொட்டுகிற மனிதரை எங்கள் ஊரில் நான் பார்த்ததே இல்லை. யாங்கூனில், அதாவது பழைய ரங்கூனில், சோறு மிஞ்சினால் தெருநாய்க்குப் போடுவோம். சட்டை பழசானால் தரை துடைப்போம். மருந்து மிஞ்சினால் மட்டும் அது அலமாரியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இன்றைக்குக் கடையில் கிடைக்கிற மாத்திரை நாளைக்கும் கிடைக்கும் என்று யாரும் நம்புவதில்லை. பாங்காக் போய் வருகிறவர்கள் தெருவுக்கே மாத்திரை சுமந்து வருவார்கள். காலாவதியான இருமல் மருந்தைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டு, 'இருக்கட்டும், ஆத்திர அவசரத்துக்கு ஆகும்' என்று திரும்ப மூடி வைக்கிற குடும்பம் என்னுடையது. (அந்த இருமல் மருந்து இன்னும் இருக்கிறது. யாருக்காவது வேண்டுமானால் சொல்லுங்கள்.)

இந்த வளர்ப்புதான் ஒரு நாள் என்னை மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பாயில் கவிழ்த்துப் போட்டது.

முதலில் என் வியாதியைச் சொல்லிவிடுகிறேன். ஃபைப்ரோமயால்ஜியா. இந்தப் பெயரைத் தட்டுத்தடுமாறாமல் சொல்ல எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. உடம்பு முழுவதும் வலிக்கும், ஆனால் எந்த இடத்திலும் ஒன்றும் இருக்காது. ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே எல்லாப் பரீட்சையிலும் நான் பாஸ். தலை வாரினால் தோள் வலிக்கும், முகத்தில் பூசத் தனாக்காக் கட்டையை அரைத்தால் மணிக்கட்டு வலிக்கும், ஒன்றுமே செய்யாமல் இருந்தால் எல்லாமே வலிக்கும். பார்க்கிறவர்கள் கண்ணுக்கு நான் நன்றாகச் சாப்பிட்டுக் கொழுகொழுவென்று இருந்தேன். அதனால் கோயிலில் மற்ற பெண்கள் எல்லாம் என் முதுகுக்குப் பின்னால், 'விசாலத்துக்கு உடம்பு வணங்கல' என்று முடிவு கட்டியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் நல்ல மனிதர், எங்கள் தாமுவேப் பேட்டை மார்க்கெட்டில் பேட்டரியும் பல்பும் விற்கிறவர். எந்த வலிக்கும் அவரிடம் ஒரே வைத்தியம்தான் உண்டு: 'கொஞ்சம் படு.'

படுத்துப் படுத்துச் சலித்துப்போய்த்தான் கடைசியில் பாங்காக் போனேன். கடையை விட்டு அவர் வர முடியாததால் தனியாகத்தான் போனேன். அங்கே ஒரு டாக்டர் அம்மா. அவர் தாய்லாந்து மொழியில் சொல்வதைப் பர்மிய மொழியில் எனக்குச் சொல்ல ஒரு சின்னப் பெண். பழைய மாத்திரைகளின் பெயரையெல்லாம் கேட்டுவிட்டு, ஒரு எண்ணெய் மருந்தைக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். 'என்ன எண்ணெய்?' என்று கேட்டேன். அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி, கஞ்சா எண்ணெய் என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெற்றிலை போட்டாலே தலை சுற்றுகிறவள் நான். அங்கே டாக்டர் எழுதிக்கொடுத்தால் அது சட்டப்படியான மருந்துதான் என்றும், மாத்திரை கேட்காத சிலருக்கு இது கேட்கிறது என்றும் பொறுமையாக விளக்கினார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு கிடையாதாம். இரண்டு சொட்டில் ஆரம்பிக்க வேண்டும், சில நாள் பார்க்க வேண்டும், அப்புறம் ஒரு சொட்டு கூட்ட வேண்டும். வலி குறைந்து தலை தெளிவாக இருக்கிற இடம் எதுவோ அங்கே நின்றுவிட வேண்டும். அந்தப் பெண் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கடைசியில் 'ப்யேப்யே, அன்ட்டி' என்பாள். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு எப்போதும் வலி இருந்ததில்லை.

நாலு சொட்டில் வந்து நின்றோம். அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. வலி அப்படியே இருந்தது, ஆனால் அடுத்த அறைக்குப் போய்விட்டது போல இருந்தது. இரவில் தூங்கினேன். பல வருஷத்துக்குப் பிறகு தூங்கி எழுந்த முகத்தோடு கண்ணாடியைப் பார்த்தபோது அழுகையே வந்துவிட்டது. ஊருக்குக் கிளம்புகிற நேரத்தில் டாக்டர் அம்மா கண்டிப்பான முகத்தோடு ஒன்று சொன்னார். இந்த மருந்துக்கு உங்கள் நாட்டில் அனுமதி இல்லை, ஒரு சொட்டுகூட எல்லை தாண்டக் கூடாது, மிச்சத்தைக் கிளினிக்கில் ஒப்படைத்துவிட்டுப் போங்கள். ஊரில் சாப்பிட வேறு மாத்திரை எழுதித் தந்திருக்கிறேன், அடுத்த முறை வரும்போது பார்ப்போம்.

இந்த இடத்தில் என் பெண் மீனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மீனா தாமுவேயில் ஜப்பானிய மொழி வகுப்பு எடுக்கிறாள். இப்போது எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் ஜப்பானுக்கு வேலைக்குப் போக அந்த மொழி படிக்கிறார்கள், அதனால் அவளுக்கு மூச்சுவிட நேரமில்லை. அவளிடம் படிக்க வந்தவர்தான் கோ செல்வம், யாங்கூனுக்கு வெளியே மாவ்பியில் அரிசிக் கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பையன். அவருக்கு ஜப்பானிய மொழி கடைசிவரை வரவில்லை. ஆனாலும் ஒரு வகுப்புகூடத் தவறவில்லை. இரண்டு வீட்டுக்கும் விஷயம் தெரிந்து, ஒருவழியாகப் பேசி முடிக்க நாளும் குறித்தாகிவிட்டது.

சிக்கல் செல்வத்தின் அம்மா டோ தனம். டோ என்றால் எங்கள் ஊரில் பெரிய மனுஷிகளுக்குப் போடுகிற மரியாதை; பெரிய ஆண்களுக்கு ஊ, இளவட்டத்துக்குக் கோ. டோ தனத்துக்கு இரண்டு டோ போட்டாலும் தகும். மருமகள் வேலையை விட்டுவிட்டு மாவ்பிக்கு வந்து கல்லாவில் உட்கார வேண்டும் என்பது அவர் எண்ணம் என்று காற்றுவாக்கில் வந்திருந்தது. மீனா என்னிடம் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டாள். 'அம்மா, அப்பாவுக்குப் பேச வராது. நீங்கதான் பேசணும். நான் வகுப்ப விட மாட்டேன், தாமுவேலதான் இருப்பேன். அத நீங்க வாயத் திறந்து சொல்லலன்னா, எல்லார் முன்னாலயும் நானே எந்திரிச்சு வேணாம்னுடுவேன்.' அவள் சொன்னால் செய்வாள். செல்வத்தை அவளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொன்னாள். நான் பாங்காக் போனது வைத்தியத்துக்கு என்று மூச்சுவிடக் கூடாது. 'அம்மாவுக்கு ஏதோ வியாதியாம், பொண்ணுக்கும் வருமோ' என்று ஆரம்பிப்பார்கள். புடவை எடுக்கப் போனதாகச் சொல்லி வைத்திருக்கிறாளாம். (யாங்கூன் தமிழச்சி பட்டுப்புடவை எடுக்கப் பாங்காக் போவாளா என்று யாராவது யோசித்திருந்தால் அன்றே மாட்டியிருப்போம்.)

நான் முதல் நாளே வந்து சேர வேண்டியது. விமானத்தை ரத்து செய்து மறுநாள் காலைக்கு மாற்றிவிட்டார்கள். அதாவது பேச்சு நடக்கிற அதே நாளுக்கு. காலையில் அடித்துப் பிடித்துக்கொண்டு கிளம்பியதில் கிளினிக் திறந்திருக்கவில்லை. விமான நிலையத்தில் கைப்பையைத் துழாவினால் அந்தக் குட்டி சீசா கையில் தட்டுப்பட்டது. கால் சீசாவுக்கு மேல் எண்ணெய் மிச்சம்.

எல்லை தாண்டக் கூடாது. எனக்கு அதில் மறுபேச்சே இல்லை, சட்டத்துக்குப் பயந்த குடும்பம் நாங்கள். குப்பைத்தொட்டி எதிரிலேயே இருந்தது. அதன் முன்னால் போய் நின்றேன். கை வரவில்லை. வலியால் துடிக்கிற எத்தனை பேருக்கு இது கிடைக்காது என்று நினைத்தபோது, மருந்தைத் தொட்டியில் போடுவது பச்சைப் பிள்ளையைத் தொட்டியில் போடுவதாகப் பட்டது. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (அப்போதும் அது சும்மா இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.) சீசாதானே எல்லை தாண்டக் கூடாது? வயிற்றுக்குள் போனதற்கு யார் சீசா என்று பெயர் வைப்பார்கள்? தவிர, கரண்ட் இருக்கும்போதே பேட்டரியை நிரப்பி வைத்துக்கொள்வது எங்கள் ஊர்ப் பழக்கம். பேட்டரி விற்கிறவர் பெண்சாதி நான். உடம்பையும் அப்படி ஒரே தடவையில் நிரப்பிக்கொண்டால் அடுத்த பாங்காக் பயணம் வரை தாங்கும் என்று தீர்மானித்தேன். ரொட்டித் துண்டில் முழுவதையும் ஊற்றி, சிந்தாமல் சிதறாமல் தின்று, விரலையும் துடைத்துக்கொண்டேன். காலிச் சீசாவைத் தொட்டியில் போட்டபோது பெரிய தருமம் செய்த திருப்தி.

விமானத்தில் ஒன்றும் ஆகவில்லை. இறங்கி வரிசையில் நின்றபோதும் ஒன்றும் ஆகவில்லை. டாக்டர்கள் வீணாகப் பயமுறுத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு டாக்சியில் ஏறினேன். வயிற்றுக்குள் போன இந்த எண்ணெய் உடனே வேலை செய்யாது, சாவகாசமாகத்தான் கிளம்பும் என்று டாக்டர் அம்மா சொன்னது, நான் தலையாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் சொன்னதாக இருக்க வேண்டும்.

பாதி வழியில் சிக்னலில் நின்றோம். அந்தச் சிவப்பு விளக்கு எவ்வளவு சிவப்பாக இருந்தது என்று உங்களுக்கு நான் எப்படிச் சொல்வேன்? அது பச்சையானபோது எனக்கு வருத்தமாக இருந்தது. டிரைவரிடம் என்ன கிழமை பிறந்தீர்கள் என்று விசாரித்தேன். எங்கள் ஊரில் சாதாரணமாகக் கேட்கிற கேள்விதான். சனிக்கிழமை என்றார். எனக்குத் தாங்க முடியாத துக்கம் பொங்கிவிட்டது. 'ஐயோ, சனிக்கிழமையா' என்று விசும்ப ஆரம்பித்தேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி வண்டியைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினார்.

வீட்டு வாசலில் நிறையச் செருப்பு கிடந்தது. வந்துவிட்டார்கள். நான் குனிந்து அவற்றை ஜோடி ஜோடியாகச் சேர்த்தேன். குனிந்தும் முதுகு வலிக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் ஒவ்வொரு ஜோடிக்கும் 'நல்லா இருங்க, நல்லா இருங்க' என்று ஆசீர்வாதம் செய்துகொண்டிருந்தேன். நிமிர்ந்தால் மீனா நிலைப்படியில் நின்றுகொண்டிருக்கிறாள். கோபம் வந்தால் அவளுக்குப் பர்மிய மொழிதான் வரும். என்ன செய்கிறீர்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அதில் கேட்டாள். 'செருப்புங்கல்லாம் எவ்ளோ ஒத்துமையா இருக்கு பாரு' என்றேன். என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

உள்ளே பாய் விரித்து, டோ தனம் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய வீட்டுக்காரர் ஊ காளிமுத்து. அவர் பேசி யாரும் கேட்டதில்லை. மூலையில் செல்வம் வேர்த்துக்கொண்டிருந்தார். கரண்ட் இல்லை. ஆனால் மின்விசிறி சுற்றுவது எனக்கு மட்டும் தெரிந்தது. நான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். நான் சம்மணம் போட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. என் வீட்டுக்காரர் கண் கலங்கிவிட்டார். பாங்காக் வைத்தியம் பலித்துவிட்டது என்று நினைத்தாராம், பாவம்.

எல்லோருக்கும் நடுவில் இரண்டு தட்டு இருந்தது. ஒன்று வெற்றிலை பாக்குத் தட்டு. இன்னொன்று மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த மூடிபோட்ட அரக்குத் தட்டு. அதன் நடு அறையில் லஃபெட், அதாவது ஊறவைத்த தேயிலை. சுற்றி அறை அறையாக வறுத்த பூண்டு, வேர்க்கடலை, எள்ளு, மொச்சை. பர்மியர்கள் வீட்டு விசேஷத்தில் லஃபெட் இல்லாமல் இருக்காது. எங்கள் ஆட்களும் அதைத் தாம்பூலத்துக்குப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டு, அதற்கு ஒரு சட்டமும் போட்டுவிட்டார்கள். பேச வேண்டியதையெல்லாம் மூடி திறப்பதற்கு முன்னால் பேசிவிட வேண்டும். எல்லாம் ஒத்துப்போனால் பெண்ணின் தாய் மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போடுவாள். போட்டால் சம்மதம். அதற்கப்புறம் எந்தப் பக்கமும் புதிதாக நிபந்தனை பேசக் கூடாது.

டோ தனம் தொண்டையைச் செருமிக்கொண்டு, மாவ்பியில் மழை எப்படி என்பதில் ஆரம்பித்தார். நான் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். மீனா வகுப்பை விடமாட்டாள், தாமுவேயில்தான் இருப்பாள். நன்றாக ஞாபகம் இருந்தது. சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து எனக்குப் பசித்தது.

பசி என்றால் சாதாரணப் பசி இல்லை. பிறந்ததிலிருந்து யாருமே எனக்குச் சோறு போட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வறுத்த பூண்டின் வாசனை மூடியையும் தாண்டி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. கை தானாகப் போனது. மூடியைத் திறந்தேன். கடலையை அள்ளினேன், எள்ளை அள்ளினேன், தேயிலையை ஒரு பிடி எடுத்துப் பிசைந்து வாயில் போட்டேன். மொறுமொறு என்று ஒரு சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. அது என் வாய்க்குள்ளிருந்துதான் வருகிறது என்று தெரிந்துகொள்ளச் சற்று நேரமானது.

டோ தனம் மழையைப் பாதியில் நிறுத்தினார். மீனாவின் முகம் வெளுத்துவிட்டது. வேலையும் போச்சு, மாவ்பிக் கல்லாதான் என்று அவள் அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டாளாம். என் வீட்டுக்காரர் இருமினார். அவர் இருமுவது எதற்கு என்று எனக்குத் தெரியாதா, அவருக்கும் ஒரு பிடி எடுத்து நீட்டினேன்.

"நாங்க இன்னும் ஒண்ணுமே பேசலையேங்க" என்றார் டோ தனம்.

"பேசுங்க, பேசுங்க. நான் பாட்டுக்குச் சாப்பிடுறேன்" என்று பெருந்தன்மையாகச் சொன்னேன்.

அவர் சுதாரித்துக்கொண்டு, "பொண்ணு வேலைக்குப் போற விஷயம்..." என்று ஆரம்பித்தார். அப்போதுதான், பேசியே கேட்டிராத ஊ காளிமுத்து வாயைத் திறந்தார்.

"மூடியத் திறந்தாச்சு தனம். இனி ரெண்டு பக்கமும் பேச்சு கெடையாது. பேசாம விட்டது இருக்கிறபடியே இருக்கும். அதான் வழக்கம்."

மாவ்பியிலிருந்து டோ தனம் கோத்துக் கோத்துக் கொண்டுவந்த நிபந்தனை எல்லாம் தொண்டையிலேயே தங்கிவிட்டது. இருக்கிறபடி என்றால் மீனா தாமுவேயில் இருக்கிறாள், ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கிறாள். மூலையில் செல்வம் சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார். மீனா முதல் தடவையாக என்னை மரியாதையோடு பார்த்தாள். நடந்தது என்னவென்று அந்த வீட்டில் புரியாமல் இருந்த ஒரே ஆள் நான்தான். மொச்சை அறையைக் காலி செய்துகொண்டிருந்தேன்.

அதோடு முடிந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். கடைசி மொச்சையோடு பயம் வந்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, வாய் வறண்டது, சுவர் என்னைவிட்டுத் தள்ளித் தள்ளிப் போனது. சாகப் போகிறேன் என்றே நினைத்தேன். கிட்டத்தில் இருந்த மடியில் தலையை வைத்துப் படுத்துவிட்டேன். அது டோ தனத்தின் மடி. படுத்தவள் வாயை மூடிக்கொண்டாவது படுத்தேனா? புடவை எடுக்கப் போகவில்லை, வலிக்குத்தான் போனேன், சொட்டு மருந்து, நாலு சொட்டுதான் குடிக்கணும், மிச்சத்தைக் கொட்ட மனசு வரவில்லை என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். "எனக்கு நெசமாவே வலிக்குதுங்க. யாருமே நம்ப மாட்டேங்கறாங்க" என்று சொல்லி ஓவென்று அழுதேன். மானம் போகிறதே என்று மீனா முகத்தை மூடிக்கொண்டாள்.

டோ தனம் என் தலையைத் தள்ளவில்லை. தள்ளிவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். என் கண் இரண்டையும் உற்றுப் பார்த்தார். சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார், எல்லோரையும் எட்டிப் போகச் சொன்னார், ஜன்னலைத் திறக்கச் சொன்னார். தெரிந்த டாக்டருக்குப் போன் போடச் சொல்லி, ஆளை விடாமல் கவனியுங்கள், தூங்கினால் தெளிந்துவிடும், மூச்சு முட்டினால் உடனே தூக்கி வாருங்கள் என்று பதில் வந்ததும் என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "வலிக்குதுன்னா வலிக்குதுன்னு சொல்றதுக்கு என்னங்க? வாயில்லையா ஒங்களுக்கு?" என்று திட்டிக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். இத்தனை வருஷத்தில் என்னை நம்பித் திட்டிய முதல் ஆள் அவர்தான். அதற்காக அவரை எனக்கு இன்றுவரை பிடிக்கும். அன்றைக்கு அவர்கள் மாவ்பிக்குத் திரும்பவே இல்லை. நான் எழுந்து தெளிவாகப் பேசும்வரை டோ தனம் பாயை விட்டு நகரவில்லையாம்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. செல்வம் தாமுவேயில் ஒரு அரிசிக் கடை போட்டார். மீனா வகுப்பு எடுக்கிறாள். ஆனால் என் பெயர்தான் திரும்ப முடியாத இடத்துக்குப் போய்விட்டது. நான் மருந்து மயக்கத்தில் இருந்தேன் என்பதை எங்கள் ஆட்களில் ஒருவரும் ஒத்துக்கொள்வதில்லை. டோ தனத்தின் நிபந்தனையை முளையிலேயே கிள்ளத் திட்டம் போட்டு மூடியைத் திறந்த ராஜதந்திரி நான், மயக்கம் எல்லாம் நாடகம் என்பதே ஊர் முடிவு. உடம்பு வணங்காத விசாலம் என்று பேசியவர்களே இப்போது பெண்ணுக்கு வரன் பேசுவதென்றால் என்னை முன்னால் உட்காரவைக்கிறார்கள். எனக்குப் பசித்தது, அவ்வளவுதான் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். 'பாருங்க, எவ்ளோ தன்னடக்கம்' என்கிறார்கள். என் சொந்த வீட்டு விசேஷத்தில் மட்டும் லஃபெட் தட்டை எனக்கு எட்டாத தூரத்தில் வைப்பார்கள். என் கை சும்மா அசைந்தாலே செல்வம், 'அத்தை, நாங்க இன்னும் ஒண்ணுமே பேசலையேங்க' என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். டோ தனம் மட்டும் சிரிக்க மாட்டார்.

அடுத்த பாங்காக் பயணத்துக்கு டோ தனம் கூடவே கிளம்பினார். டாக்டர் அம்மா நடந்ததைக் கேட்டு என்னை வறுத்தெடுத்துவிட்டு, மறுபடியும் இரண்டு சொட்டிலிருந்து ஆரம்பித்தார். சொட்டுக்குழாய் என் கைக்கே வரவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் சம்பந்தியம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் வாயைத் திறக்கச் சொல்லி, 'ப்யேப்யே' என்றபடி தானே விட்டார். இந்தத் தடவை மூன்று சொட்டே போதும் என்று ஆகிவிட்டது. திரும்புகிற அன்று கிளினிக் திறக்கிறவரை வாசலில் காத்திருந்து, மிச்சச் சீசாவை அவரே மேஜையில் வைத்தார். அரைச் சீசா அப்படியே இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. 'இவ்ளோ மருந்து வீணாப் போகுதேங்க' என்று முனகினேன்.

அவர் என் கையை இறுக்கிப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். "போனாப் போவுது. மறுபடி மூடியத் திறந்து அள்ளிக் குடுக்க ஒங்ககிட்ட இன்னொரு பொண்ணு இல்ல."